என் பெயர் ஒட்டிய ஆறு பெட்டிகள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். சென்ற மாதம், ஓய்வு பெற்ற முதல் ஆளும் நானாகிவிட்டேன். எனக்கு வயது முப்பத்தொன்று. அப்பாவுக்கு அறுபத்து நான்கு. அவர் இன்னும் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"ஓய்வு" என்பது எங்கள் ஸ்டுடியோ முதலாளி ஏகாம்பரம் சாரின் சொல். ஃபிலிமில் படம் எடுக்கும் பிரிவை அவர் மூடிவிட்டார். நான் அந்தப் பிரிவின் ஒரே ஊழியர். "வேலை போய்விட்டது" என்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். "ஓய்வு" என்றதால் சால்வை, சந்தன மாலை, ஒரு சுவர்க்கடிகாரம் கிடைத்தன. சொல்லுக்கு இருக்கும் மதிப்பை அன்று நேரில் கண்டேன்.

மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, டிஜிட்டல் பிரிவில் இருக்கும் காவ்யா பக்கத்தில் வந்து நின்றாள். முசரவாக்கத்திலிருந்து காஞ்சிக்குப் பஸ்ஸில் வருகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, ஒம்பது வருசம். ஆறே ஆறு பொட்டி வாங்கினீங்க. நான் ஒரே நாளுல போன்ல அத்தினி சாமான் வாங்கறேன்கா."

"வாங்குறது பெருசில்லடி. வேணாம்னு சொல்றதுதான் வேலை."

"அத எழுதி வைங்கக்கா. இல்லன்னா சும்மா குந்திக்கினு சம்பளம் வாங்கினீங்கன்னு சொல்லுவாங்க."

அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டுடியோவில் துருத்தி வைத்த பெரிய கேமரா ஒன்று இருந்தது. கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு பார்க்கும் வகை. ஒரு படத்துக்கு ஒரு தாள் என்று உள்ளங்கை அகல ஃபிலிமை அது கேட்கும். அந்தத் தாள் ஃபிலிம் கிடைப்பதே அபூர்வம். அதனால் கேமராவின் பின்பக்கத்தில் ஒரு தட்டையான உலோகப் பெட்டியை மாட்டி, அதற்குள் சாதாரண ரோல் ஃபிலிமைப் போட்டு எடுப்போம். அந்தப் பெட்டிக்கு ரோல் பேக் என்று பெயர். ஒரு ரோலுக்கு எட்டுப் படம். பெட்டியின் முன்னால் ஒரு சாளரம். அதை மூடியபடி ஒரு மெல்லிய தகடு. அதை ஸ்லைடு என்போம். படம் எடுக்கும் முன் ஸ்லைடை உருவ வேண்டும், எடுத்தபின் செருக வேண்டும். ஸ்லைடு போய்வரும் இடுக்கில் வெளிச்சம் கசியாமலிருக்க வெல்வெட் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்களுக்குக் கட்டுப்படியாகிற பெட்டி எல்லாமே பழையதுதான். மூடிப்போன ஸ்டுடியோக்களிலும் பீரோக்களின் அடித்தட்டிலும்தான் அவை இருக்கும். தேடிப்போய்ச் சோதித்து வாங்குவது என் வேலை. இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியிருக்கிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன், அடிக்கோடிட்டு. சார் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "சந்தோஷம்" என்றார். வேலை கிடைத்தது. மூன்று மாதப் பயிற்சியில் இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன், ஒரு மாதம் ரோல் மாட்டிப் பழகினேன். பயிற்சி பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. யாரையும் அவர் நீங்க என்றுதான் கூப்பிடுவார். குரல் உயராது. ஒரு வேலை பிடித்திருந்தால் "சந்தோஷம்" என்பார். பிடிக்காவிட்டாலும் "சந்தோஷம்" என்பார். பிடிக்காதபோது சொல்வதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். இது புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் நான் மிகவும் திறமைசாலி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பெட்டிகள் விஷயத்தில் அவருக்கு இரண்டு விதிகள். ஒன்று, முக்கியமான வேலைக்கு எப்போதும் இரண்டு பெட்டிகள். முதல் ரோல் ஒன்றில், இரண்டாவது இன்னொன்றில். இரண்டு, எந்தப் பெட்டியை யார் சோதித்துச் சரி என்றாரோ அவர் பெயரை வெள்ளை டேப்பில் எழுதி அதன் மேல் ஒட்ட வேண்டும். வாங்குவதா வேண்டாமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "இதுல உங்க பேரை ஒட்டலாமா?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்.

இந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் பட்டுப்புடவை நெய்கிறார். ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. கடையின் பெயர்தான் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதமே ஒரு பொருளின் மேல் என் பெயர் ஏறியது. எண்ணோடு: சுகன்யா-1.

அதைச் செவிலிமேட்டில் வாங்கினேன். ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் வீடு. அவர் ஈசிசேரில் இருந்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"இரும்மா, ஊக்கெல்லாம் கொட்டிட்டுக் கொணாரேன்."

"ஊக்கா?"

"பின்ன? ஊக்கு, ஹேர்பின்னு, ஜாக்கெட்டு கொக்கி எல்லாம் அதுலதான் வெச்சிக்கினு இருக்கறேன். நல்ல பொட்டிம்மா. கரப்பான் பூராது."

"ஜப்பான் சரக்கு," என்றார் பெரியவர். "எத்தினி எலக்சன் மீட்டிங்கு எடுத்துருப்பேன் இதுல."

"நீ எடுத்தது பத்து வருசம். நான் ஊக்கு எடுத்தது முப்பது வருசம். சும்மா இருய்யா."

என் சோதனை மூன்று கட்டம். முதலில் கெட்டுப்போன பழைய ரோல் ஒன்றை உள்ளே போட்டு, ஸ்லைடை உருவி, சாளரத்தில் தெரியும் ஃபிலிமின் முகத்தில் டியூப்லைட்டின் பிம்பம் விழும்படி பெட்டியைப் பிடிப்பேன். ஃபிலிம் சமமாக இருந்தால் அந்த வெள்ளைக் கோடு நேராக விழும். குழிந்திருந்தால் கோடு வளையும். படத்தின் ஓரம் மங்கும். இரண்டாவது, சாளரத்தின் ஓரத்தையொட்டி ஃபிலிமின் மேல் பேனாவால் ஒரு கட்டம் போடுவேன், சுற்றுவேன், அடுத்த கட்டம் போடுவேன். எட்டும் முடிந்தபின் ரோலைப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளப்பேன். பல்சக்கரம் தேய்ந்த பெட்டியில் ஒரு கட்டம் அடுத்ததன் மேல் ஏறியிருக்கும். மூன்றாவது வெயில் சோதனை. நல்ல ரோலை மாட்டி, ஸ்லைடை மூடி, முற்றத்து வெயிலில் ஒவ்வொரு பக்கமாகப் பத்து நிமிடம் காட்டிவிட்டு, எட்டுப் படமும் எடுத்துக் கழுவிப் பார்ப்பது. எங்கே கசிகிறதோ அங்கே ஃபிலிமில் கறுப்பு விழும். இந்த மூன்றாவதை ஸ்டுடியோவுக்கு எடுத்துவந்துதான் செய்வேன்.

"இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு டியூப்லைட்டையே பாத்துக்கினு இருக்குது?" என்று அந்த அம்மாள் கணவரிடம் கேட்டார்.

"படிச்ச பொண்ணு. பாக்கட்டும் வுடு."

அந்த வார்த்தைக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பெட்டி மூன்றிலும் தேறியது. மறுநாள் வாங்கப் போனபோது அந்த அம்மாள் ஒரு நிபந்தனை வைத்தார்: ஊக்கு வைக்க மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று வேண்டும். கடைக்குப் போய் வாங்கி வந்தேன். மூடியைத் திறந்து மூடி, காதருகே வைத்து ஆட்டி, அவரும் ஒரு சோதனை நடத்தினார். "அது மாதிரி வராது," என்று சொல்லிவிட்டு வைத்துக்கொண்டார்.

இரண்டாவதும் மூன்றாவதும் வந்த கதை சாதாரணமானது. அவை வருவதற்குள் நான் திருப்பி அனுப்பியவை முப்பதுக்கு மேல். புதிது மாதிரியே இருக்கிறது என்று படம் போட்டு விற்றவர்களின் பெட்டிகளில் எறும்புப் புற்று இருந்தது. ஒருவர் கைப்பிடி உடைந்ததைக் கறுப்பு நெயில் பாலிஷால் மறைத்திருந்தார். "நீங்க ரொம்ப நோட்டம் பாக்கறீங்க மேடம், வேற எடம் பாத்துக்கங்க" என்று ஒருவர் போனை வைத்தார். எனக்கு அது பாராட்டுப் பத்திரம்போல இருந்தது. வேலையில் சேர்ந்த ஐந்தாம் வருடம்வரை, நான் சரி என்று சொன்ன ஒரு பெட்டிகூடத் தவறியதில்லை. அதை ஸ்டுடியோவில் எல்லோருக்கும் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் நாலாவது வந்தது.

தென்னேரியில் ஒரு வார்டு மெம்பர். நெல் வயல், கட்சிக் கரை வேட்டி, வீட்டு முன்னறையில் ஆபீஸ். எங்கோ மூடிய ஸ்டுடியோவிலிருந்து பழைய கேமரா சாமான்களை மொத்தமாக வாங்கி, கண்ணாடி ஷோகேஸில் அடுக்கியிருந்தார்.

"வர்றவங்க பாத்தா ஒரு கெத்தா இருக்கும்னு வெச்சேன்மா. எல்லாரும் இது இன்னா தையல் மிஷினானு கேக்கறானுங்க. எட்துக்கினு போ."

பெட்டியைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. சுற்றினால் வெண்ணெய்போலச் சுற்றியது. டியூப்லைட்டின் கோடு தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்போல நின்றது. எட்டுக் கட்டங்களுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் கிடையாது. குறை இரண்டுதான். வெல்வெட் பட்டையைப் பூச்சி தின்றிருந்தது. ஸ்லைடு அசல் இல்லை. யாரோ கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை அளவாக வெட்டிச் செருகியிருந்தார்கள்.

"அண்ணே, இதோட தகடு எங்க?"

"அதுவா? நல்லா ஸ்ட்ராங்கா இருந்துச்சிம்மா. மோட்டார் கொட்டாயில ஸ்விட்ச் பொட்டி ஆடிக்கினு இருந்துது, அண்டக் குடுத்துட்டேன். இந்த பிளாஸ்டிக்கு நானே வெட்டினேன். எப்படி?"

நன்றாகவே வெட்டியிருந்தார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெல்வெட் பட்டைக்குச் சென்னையில் சொல்லி வைத்தால் வர இரண்டு வாரம் ஆகும். நான் யோசித்தேன். யோசனையில் தப்பில்லை, அது நின்ற இடத்தில்தான் தப்பு. ஊரெல்லாம் துணிக்கு எங்கள் தெருவுக்கு வருகிறது; இரண்டு விரல் அகலத் துணிக்கு நான் சென்னைக்குப் போவதா? அன்று மாலை வீட்டில் கேட்டேன். அம்மா கறுப்புப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தார். புடவை ஒன்று முடிந்து, தறியில் பாவு நூல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்பா அதில் குறுக்கே கறுப்பு ஊடை நூல் போட்டு, கையால் ஓங்கி அடித்து அடித்து, அட்டைபோல ஒரு சாண் நெய்து தந்தார்.

"வெளிச்சம் பூரக் கூடாதுப்பா," என்றேன்.

"நான் நெஞ்சா தண்ணியே பூராது. வெளிச்சம் பூந்துருமா?"

அதை மூன்றாக மடித்து இடுக்கில் ஒட்டினேன். பிளாஸ்டிக் ஸ்லைடு அதற்குள் வழுக்கிக்கொண்டு போனது. வெயிலில் வைத்தேன். மழைக்காலம் முடிந்த ஈர வெயில். முற்றத்தில் நின்று, என் வழக்கப்படி மெதுவாக, ஸ்லைடை உருவி எட்டுப் படம் எடுத்தேன். கழுவிய ஃபிலிமில் ஒரு புள்ளி இல்லை. பதிவேட்டில் "வெல்வெட்டுக்குப் பதிலாக அசல் காஞ்சிப் பட்டு" என்று எழுதினேன். சார் படித்தார். கண்ணாடியைத் துடைக்காமலே "சந்தோஷம்" என்றார்.

"இதுல உங்க பேரை ஒட்டலாமா?"

"ஒட்டியாச்சு சார்," என்றேன்.

இரண்டு மாதம் அது அலமாரியிலேயே இருந்தது. அதற்குத் தகுதியான வேலை வர வேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது எங்கள் வீட்டு வேலை.

நான் கல்லூரி முடித்தால் எங்கள் தெரு அம்மனுக்குத் தன் கையால் ஒரு புடவை என்று அப்பா நேர்ந்துகொண்டிருந்தார். நான் முடித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கூலிக்கு நெய்கிற தறியில் நேர்ந்துகொண்ட புடவைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அந்த வருடம்தான் ஏறியது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, முந்தியில் யாளியும் அன்னமும். நேர்த்திக்கடன் புடவையை எங்கள் வீடுகளில் ஒரே ஒருமுறைதான் முழுதாக விரிப்பார்கள். பார்த்து, குறை இல்லை என்று கும்பிட்டு, மடித்துவிட்டால் அதன்பின் அம்மன் மேல்தான் அது பிரியும். சந்நிதியில் படம் எடுக்க முடியாது.

அந்த ஒருமுறையை ஸ்டுடியோவில் வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் வீட்டில் சொன்னேன். பெரிய கேமராவில் எடுத்தால் கதவளவுக்குப் படம் போடலாம், ஒவ்வொரு இழையையும் எண்ணலாம், கீழே அப்பா பெயரை அச்சடித்து மாட்டலாம். அப்பாவின் பெயரோடு ஒரு புடவை உலகத்தில் இருக்கும். அப்பா தறியில் இன்னும் நாலு இழை ஓட்டினார். பிறகு, "இனிஷியல் போட்டா?" என்று கேட்டார்.

அன்று காலையிலிருந்தே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, வியர்வை புடவையில் படக் கூடாதென்று நான்தான் போடச் சொன்னேன். அப்பா புது வேட்டி கட்டியிருந்தார். அம்மாவும் சித்தியும் நான்கு மூலையையும் பிடித்துப் பலகையில் விரித்தார்கள். சித்தி போனை எடுத்தார்.

"சித்தி, உள்ள வை. போட்டோ எடுக்கறதுக்குத்தான் இங்க வந்துருக்கோம்."

அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன காவ்யா தன் டிஜிட்டல் கேமராவோடு எட்டிப் பார்த்தாள். "அக்கா, நான் ஓரமா ஒண்ணு எட்து வெச்சிக்கவா? சும்மா, ஒரு சேப்டிக்கு."

"வேணாம்," என்றேன். எப்படிச் சொன்னேன் என்பதை அவள் இன்றும் நடித்துக் காட்டுவாள்.

சார் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். "முதல் ரோல் நாலாம் நம்பர். இரண்டாவது எது?"

"ரெண்டுமே நாலுல போதும் சார். அதுதான் நம்மகிட்ட இருக்கறதுலயே நல்லது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். "சந்தோஷம்," என்றார். ஐந்து வருடம் அவரோடு வேலை செய்தவள், அதன் பொருள் தெரிந்தவள், அன்று அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாருக்கு ஒரு பழக்கம். ஸ்லைடை அவர் உறையிலிருந்து கத்தி உருவுவதுபோல ஒரே இழுப்பில் உருவுவார். ஒவ்வொரு படத்துக்கும் பெட்டியைக் கழற்றி, புடவையின் கூர்மையைக் கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் சரிபார்த்து, மறுபடி மாட்டி, உருவுவார். பதினாறு படம். பதினாறு முறை உருவினார். முடிந்ததும் அப்பா புடவையைக் கும்பிட்டு மடித்தார். அன்று மாலையே அது கோயிலுக்குப் போய்விட்டது.

ஃபிலிமை நான்தான் கழுவினேன். ஈரத்தோடு தூக்கி விளக்கில் பிடித்தபோது, இழை இழையாகப் புடவை தெரிந்தது. கரையும் உடலும் சேரும் கோர்வை தெரிந்தது. அதன் மேல், சாளரத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி, கிளை கிளையாக ஏதோ படர்ந்திருந்தது. இலை உதிர்ந்த மரம்போல. அடுத்த படத்திலும் இருந்தது. பதினாறிலும் இருந்தது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மரம்.

வெளிச்சக் கசிவென்றால் புகைபோல இருக்கும். இது எனக்குத் தெரிந்த எந்தக் குறையும் இல்லை. முதலில் ஃபிலிமைச் சந்தேகப்பட்டேன். பிறகு மருந்தை. பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தென்னேரி மெம்பருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தப் பொட்டில இன்னா பண்ணி வெச்சீங்க?"

"நான் இன்னாம்மா பண்ணேன்? ஷோகேஸ்ல வெச்சிப் பூட்டினேன். நீதான டியூப்லைட்டுல எல்லாம் காட்டிப் பாத்துட்டு எட்துக்கினு போன?"

போனை வைத்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். கண் இருட்டுக்குப் பழகியதும், சாரைப் போலவே ஸ்லைடை ஒரே இழுப்பில் உருவினேன்.

இடுக்கில் டிக் டிக்கென்று சத்தம். கூடவே நீலப் பொறிகள், கடுகளவு. மறுபடி செருகி உருவினேன். மறுபடி பொறி.

பதினோராம் வகுப்பு நினைவுக்கு வந்தது. நிலைமின்சாரப் பாடம். ஒரு தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்தால் மின்சாரம் ஏறும் என்று செய்து காட்ட, இயற்பியல் டீச்சருக்குப் பட்டுத் துணி வேண்டியிருந்தது. "யார் வீட்டுலப்பா பட்டு இருக்குது?" என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் நான்தான் கொண்டுபோனேன். அந்தக் கேள்விக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவளும் நானே. பிளாஸ்டிக்கும் பட்டும் உரசினால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்தில் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். அந்த ஒரே ஆளான நான்தான் அவற்றைச் சேர்த்து வைத்தேன். முற்றத்தின் ஈரக் காற்றும் என் மெதுவான கையும் அதை மறைத்துவிட்டன, ஏ.சி. காற்றின் வறட்சியும் சாரின் வேகமும் வெளியே கொண்டுவந்துவிட்டன. ஒவ்வொரு உருவலுக்கும் ஃபிலிமின் மேல் ஒரு சின்ன மின்னல்.

சாரிடம் ஃபிலிமைக் கொடுத்தேன். விளக்குப் பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். சொல்வார் என்று காத்திருந்தேன். அன்று "சந்தோஷம்" வரவில்லை.

"பதிவேட்டுல என்ன எழுதப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நடந்ததை எழுதினேன். யோசனை என்னுடையது, இரண்டாவது பெட்டியை வேண்டாமென்றது நான், காவ்யாவைத் தடுத்தது நான். சார் அதன் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "இரண்டாவது பெட்டி கேட்டேன். வற்புறுத்தியிருக்க வேண்டும். தவறியது என் வேலையும்." பிறகு ஏ போட்டுப் புள்ளி வைத்தார்.

அப்பாவிடம் சொல்வது பாக்கி இருந்தது. பதினாறில் குறைவாகப் படர்ந்ததைத் தேர்ந்து, பெரிதாக அச்சிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனேன். கறுப்பு வெள்ளைப் படம். கீழே "நெசவு: கோ. முருகேசன்" என்று இருந்தது. அப்பா தறியிலிருந்து எழுந்துவந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். இழைகளைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். முந்தியின் மேல் விரல் நின்றது.

"இது இன்னா கொடி?"

"கொடி இல்லப்பா..."

"எனக்குத் தெரியாதா? நான் கொடி போடல. யாளிக்குப் பக்கத்துல எவனாவது கொடி போடுவானா? யார் போட்டது இது?"

சொன்னேன். பட்டு, பிளாஸ்டிக், ஏ.சி., பொறி எல்லாம் சொன்னேன். அவர் நெய்த துணிதான் காரணம் என்று மட்டும் சொல்லவில்லை, அவரே கேட்டார்.

"நான் நெஞ்சது வெளிச்சத்த வுட்டுச்சா?"

"இல்லப்பா. அது வுடல. ஒரு புள்ளி வுடல."

"அப்ப என் வேலை சுத்தம்." கொடியைத் தொட்டு, "உன் வேலைதான் இது," என்றார்.

"ஆமாம்பா."

"அப்ப என் பேர மட்டும் எதுக்குப் போட்ட? நான் போடாத கொடிக்கு நான் எப்படிப் பொறுப்பாவறது? நாளைக்கு நாலு பேரு பாத்துட்டு, முருகேசன் யாளிக்கு மேல கொடி வுட்டிருக்கறான் பாருன்னு சொல்ல மாட்டானா?"

கிழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "எட்துக்கினு போய், கொடி போட்டவங்க பேரையும் போட்டுக் கொணா," என்றார். "அம்மா, கோவத்துல சொல்றாரா?" என்று உள்ளே போய்க் கேட்டேன். "கோவம்னா பேச மாட்டாரே," என்றார் அம்மா. பிறகு, "அழுதுட்டுப் போ, உள்ள யாரும் இல்ல," என்றார்.

அந்தப் படம் இன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கீழே இரண்டு வரி: "நெசவு: கோ. முருகேசன். கொடி: மு. சுகன்யா."

மறுவாரம் தென்னேரிக்குப் போய், மோட்டார் கொட்டகையில் அண்டக் கொடுத்திருந்த அசல் தகட்டைக் கேட்டு வாங்கினேன். "அப்ப ஸ்விட்ச் பொட்டிக்கு?" என்றார் மெம்பர். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கையே மடித்து வைத்துவிட்டு வந்தேன். அது அங்கே நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார். சென்னையிலிருந்து வெல்வெட் வந்தது. அதன்பின் நாலாம் நம்பர் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அப்புறம் வாங்கிய ஐந்தையும் ஆறையும் இருட்டறையில் உருவிப் பார்த்த பிறகே பெயர் ஒட்டினேன். என் சோதனை மூன்றிலிருந்து நான்காயிற்று. எந்த வேலைக்கும் நாலாம் நம்பரைத்தான் சார் முதலில் எடுப்பார். அதைக் குத்தல் என்று எடுத்துக்கொள்வதா, நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியை அவர் துடைக்கவில்லை.

இந்த வருடம் பெரிய கேமராவை விற்பது என்று முடிவானது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள், என் வயதுதான் இருக்கும். வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து கெட்டுப்போன ரோலையும் பேனாவையும் எடுத்தாள். எனக்கு எழுந்து நின்று கைகுலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் நான் விற்கும் பக்கத்தில் இருந்தேன். டியூப்லைட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

விற்கும் முன் பெயர்களை எடுத்துவிடச் சொல்லியிருந்தார் சார். ஐந்தில் உரித்துவிட்டேன். நாலில் டேப் வரமாட்டேன் என்றது. நான் ரொம்ப முயற்சி செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இதுல மட்டும் ஏனுங்க பேரு இருக்கு?" என்று கேட்டாள் அவள். ஆறிலும் அதுதான் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. கட்டங்களை அளந்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். "இதுல எப்பவாவது ஏதாச்சும் பிரச்சினை வந்துதுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடத்துக்கும் மேலாக அது பொய்யும் இல்லை. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டினேன். முழுதும் படித்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"இப்ப சரியாத்தானுங்க இருக்கு. தெரியுது," என்றாள். "ஆனா மனசுல உக்காந்துருச்சுங்க. உருவறப்பல்லாம் பொறி வருமோன்னே இருப்பேன்."

நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கேமராவையும் ஐந்து பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போனாள். இருப்பதிலேயே நல்லது மேசைமேல் தனியாகக் கிடந்தது.

சார் அதை எடுத்து என் கையில் வைத்தார். "சந்தோஷம்," என்றார். அப்போது கண்ணாடி அவர் முகத்தில் இல்லை, மேசையில் இருந்தது. அதனால் எந்தச் சந்தோஷம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தேன். இரண்டே நாள்தான். அம்மா திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் அதற்குள் ஊக்கும் ஹேர்பின்னும் இருந்தன. செவிலிமேட்டு அம்மாளுக்கும் இவருக்கும் அறிமுகம் கிடையாது.

"பொட்டி நல்லாத்தான் இருக்குது," என்றார். "மேல இன்னாத்துக்குடி உன் பேரு? நகத்தால சொரண்டுனா வந்துரும்."

"சொரண்டாதம்மா. ஊக்கு காணாமப் போனா யாரக் கேக்கறதுன்னு தெரிய வேணாமா?"